பிணைந்த நிரலகங்களும் உரிமப் பொருத்தமும்: கணித்திரைத் தமிழின் வரலாற்றில் ஓர் இழை

தமிழ்க் கணிமையின் வரலாறு இதுகாறும் பெரும்பாலும் குறியேற்றத்தின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. 1997 இல் சிங்கப்பூரிலும் 1999 இல் சென்னையிலும் கூடிய மாநாடுகள், அவற்றையொட்டி நிலைபெற்ற திஸ்கி, தாம், தாப் முறைகள், ஒருங்குறியில் தமிழுக்கு ஒதுக்கப்பட்ட இடம் போதுமா என்னும் நெடிய வாதம், 2010 இல் தமிழ்நாட்டரசு ஒருங்குறியுடன் டேஸ்16 முறையையும் ஏற்றமை ஆகியன அவ்வரலாற்றின் மைல்கற்கள். எந்த எழுத்துக்கு எந்த எண் என்பதே அங்கு மைய வினா. ஆயினும் எண் பெற்ற எழுத்து திரையில் தோன்றுவதற்கு மற்றொன்றும் வேண்டியிருந்தது. எண்ணை எழுத்தாக மாற்றும் நிரலைப் பிறருடைய நிரலோடு சேர்த்து ஒரே பொதியாக வழங்குவதற்கு உரியவர்களின் இசைவு அது. அவ்விசைவு பெறப்பட்ட வரலாறு உரிம ஆவணங்களிலும் மூலநிரல் கோப்புகளின் தலைக்குறிப்புகளிலும் சிதறிக் கிடக்கிறது. தமிழாய்வாளர் அவற்றைச் சான்றுகளாகக் கொள்வது அரிது.

இக்கட்டுரை அச்சான்றுகளுள் சிலவற்றை எடுத்துக்கொண்டு, 1996 முதல் ஏறத்தாழ இருபதாண்டுக் காலத்தில் கட்டற்ற மென்பொருள்களில் தமிழ் தோன்றியதற்கும் உரிமங்களின் பொருத்தத்திற்கும் உள்ள உறவை ஆராய்கிறது. நார்வேயில் தொடங்கும் இவ்வரலாற்றின் ஒரு கிளை, தமிழர் பலர் குடியேறியுள்ள டெக்சாசு மாநிலத்தின் டாலசு வட்டாரத்தையும் வந்தடைகிறது.

பிணைப்பும் பொருத்தமும்

எந்தப் பயன்பாட்டு மென்பொருளும் தனித்து இயங்குவதில்லை. சாளரம் வரையவும் கோப்பைத் திறக்கவும் எழுத்தை அமைக்கவும் முன்னரே எழுதப்பட்ட நிரல் தொகுதிகளை அது துணைக்கொள்கிறது. இத்தொகுதிகள் இங்கு நிரலகங்கள் எனப்படும். மென்பொருளை உருவாக்கும் பொழுதே நிரலகத்தை அதனுள் கரைத்துவிடுவது நிலைப்பிணைப்பு. இயங்கும் பொழுது அழைத்துச் சேர்த்துக்கொள்வது இயங்குபிணைப்பு. எவ்வகையாயினும் பயனர் கையில் சேர்வது பல கைகளின் ஆக்கம்; ஒவ்வொரு கைக்கும் பதிப்புரிமை உண்டு.

பதிப்புத்துறையில் பழகியோர்க்கு இது புதிதன்று. சங்கநூல் ஒன்றின் மூலம் எவருக்கும் உரியது. அதற்கு இருபதாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட உரை உரையாசிரியரின் வழியினர்க்கு உரியது. இடையிட்ட படங்கள் ஓவியர்க்கு உரியவை. மூன்றையும் ஒரே நூலாக அச்சிட விழைவோர் மூவகை நிலையையும் ஒருசேர நிறைவு செய்தாக வேண்டும். மென்பொருளிலோ இன்னொரு சிக்கல் உண்டு. ஓர் உரிமம் மற்றவற்றின்மீதும் நிபந்தனை விதிக்கக்கூடும். 1991 ஜூனில் வெளிவந்த குனூ பொது உரிமத்தின் இரண்டாம் பதிப்பு, தன்கீழுள்ள நிரலைச் சேர்த்து உருவாகும் ஆக்கம் முழுவதும் அதே உரிமத்தின்கீழ்ப் பகிரப்பட வேண்டும் என்றது. அவ்வுரிமத்தில் இல்லாத புதுத் தடை எதையும் சேர்க்கலாகாது என்றும் விதித்தது. ஆகவே மற்றொரு நிரலகத்தின் உரிமம் சிறியதொரு தடையை விதித்தாலும் இரண்டையும் பிணைத்து வழங்க வழியில்லை. இரண்டும் தனித்தனியே இலவசமாகக் கிடைக்கலாம். இரண்டின் மூலநிரலையும் எவரும் படிக்கலாம். சேர்த்துக் கொடுக்கத்தான் இயலாது. தமிழ் உலகில் 'இலவசம்' என்ற ஒரு சொல்லால் எல்லாவற்றையும் குறித்த வழக்கம் இவ்வேறுபாட்டை நெடுங்காலம் மறைத்துவிட்டது.

நிரலகங்களுக்கென்றே வகுக்கப்பட்ட குனூ சிறும உரிமம் இக்கடுமையைத் தளர்த்தியது. நிரலகத்தில் செய்யும் திருத்தங்களைத் திறந்து வைத்து, பயனர் அந்நிரலகத்தை மாற்றிப் பொருத்திக்கொள்ள வழிவிட்டால், அதைப் பயன்படுத்தும் மென்பொருள் எவ்வுரிமத்திலும் இருக்கலாம். எம்ஐடி, பிஎஸ்டி வகை உரிமங்கள் இன்னும் நெகிழ்வானவை. ஆக்கியோன் பெயரையும் உரிமக் குறிப்பையும் நீக்காதிருத்தலே அவை வேண்டுவது.

க்யூட்டியும் திஸ்கியும்

1996 அக்டோபர் 14 அன்று செருமானிய மாணவர் மத்தியாஸ் எட்ரிக் லினக்சுக்கெனக் கேடிஈ என்னும் வரைகலைப் பணித்தளத் திட்டத்தை அறிவித்தார். அதற்கு அடித்தளமாகத் தேர்ந்தது நார்வே நாட்டு ட்ரோல்டெக் நிறுவனத்தின் க்யூட்டி நிரலகம். கேடிஈயின் நிரல்களுட் பெரும்பகுதி குனூ பொது உரிமத்தின்கீழ் அமைந்தது. க்யூட்டியின் அன்றைய இலவசப் பதிப்போ, திருத்திய வடிவத்தைப் பகிர்வதை அனுமதிக்கவில்லை. ஆகவே கேடிஈயின் ஒவ்வொரு மென்பொருளும் தன் உரிமத்திற்குப் பொருந்தாத நிரலகத்தோடு பிணைந்தே பிறந்தது. 1998 ஜூலையில் கேடிஈயின் முதற்பதிப்பு வந்தது; அவ்வாண்டு அக்டோபரில் டெபியன் குழு, உரிமக் காரணம் காட்டி, அதைத் தன் தொகுப்பிலிருந்து நீக்கியது. ஓராண்டுக்கு முன்னரே, 1997 ஆகஸ்டில், இதே காரணத்தால் க்னோம் என்னும் மாற்றுத் திட்டம் தோன்றியிருந்தது.

ட்ரோல்டெக் 1999 இல் வெளியிட்ட க்யூட்டி 2.0 புதிய க்யூபிஎல் உரிமத்தோடு வந்தது. அது திறமூல உரிமமே; ஆயினும் குனூ பொது உரிமத்தோடு பொருந்தாதது. 2000 செப்டம்பரில் க்யூட்டி 2.2 குனூ பொது உரிமத்தின்கீழும் வெளிவந்த பின்னரே பூசல் தணிந்தது. டெபியனின் நிலைத்த வெளியீடுகளுள் கேடிஈ முதலில் இடம்பெற்றது 2002 ஜூலையில் வந்த 3.0 இல்தான்.

இது ஐரோப்பியரின் உட்பூசலாகத் தோன்றலாம். ஆனால் தமிழர் அக்காலத்தில் லினக்சுக்குத் தமிழ் முகம் அமைக்க முயன்றது இதே கேடிஈயின்மேல்தான். கேடிஈ 3 வரிசையில் தமிழ் மொழிபெயர்ப்புப் பொதி உலகின் பெருமொழிகளின் பொதிகளோடு உடனமர்ந்தது. அடித்தள நிரலகத்தின் உரிமம் பொருந்தாதிருந்த ஆண்டுகளில், டெபியனை நாடியவர்க்குக் கேடிஈயும் அதன்மேல் அமையவிருந்த எந்த மொழிபெயர்ப்பும் சேர்ந்தே எட்டாதிருந்தன. தன்னார்வலரின் உழைப்பு பயனரை அடையுமா என்பதை அவர்கள் கண்டிராத ஓர் ஒப்பந்தத்தின் வாசகம் தீர்மானித்தது.

க்யூட்டிக்குள் தமிழ் புகுந்த வாயில் இன்னும் நுட்பமானது. திஸ்கி எட்டுத்துணுக்குக் குறியேற்றம். எழுத்துகளைக் கண்ணுக்குத் தோன்றும் வரிசையில் சேமிப்பது. 'கொ' என்பதில் முதலில் ஒற்றைக்கொம்பு, பின் ககரம், பின் கால் என்று மூன்று எண்கள் அமையும். ஒருங்குறியோ ககரத்தை முன்வைத்து ஒகரக் குறியைப் பின்வைக்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்ற அட்டவணை மட்டும் போதாது. கொம்பைப் பிடித்துவைத்து, அடுத்த மெய்யைக் கண்டு, கால் வருகிறதா என்று நோக்கி, வரிசையை மாற்றியமைக்கும் நிரல் வேண்டும். இக்குறிமாற்றியைக் க்யூட்டிக்கென எழுதியவர் கேடிஈ பங்களிப்பாளரான ஹான்ஸ் பெட்டர் பீக்கர். நிரலின் பதிப்புரிமை ஆண்டு 2000. க்யூட்டி 3 இன் ஆவணங்களில் திஸ்கி குறிமாற்றி தனி வகுப்பாக இடம்பெற்றது. ஆசிரியரின் இசைவோடு சேர்க்கப்பட்டதென்ற நன்றிக்குறிப்பும் அவரது உரிம வாசகமும் அங்கே முழுமையாக அச்சிடப்பட்டன.

அந்த உரிமம் இருநிபந்தனைப் பிஎஸ்டி வகையைச் சார்ந்தது. இத்தேர்வே நிகழ்வின் திறவுகோல் எனலாம். க்யூட்டி ஒரே சமயத்தில் பல உரிமங்களில் வழங்கப்பட்ட நிரலகம்: கட்டற்ற மென்பொருளாளர்க்குக் குனூ பொது உரிமமும் க்யூபிஎல்லும், விலை கொடுப்போர்க்கு வணிக உரிமம். பீக்கர் தம் நிரலைக் குனூ பொது உரிமத்தில் மட்டும் அளித்திருந்தால், ட்ரோல்டெக் அதை வணிகப் பதிப்பில் சேர்த்திருக்க முடியாது. சேர்க்கவியலாத ஒன்றை அடிப்படை நிரலகத்தில் வைத்திருக்கவும் மாட்டாது. பழைய நான்குநிபந்தனைப் பிஎஸ்டி உரிமத்தில் அளித்திருந்தால், விளம்பரங்களில் ஆக்கியோரைக் குறிப்பிட வேண்டும் என்னும் அதன் நிபந்தனை குனூ பொது உரிமத்தோடு மோதியிருக்கும். அந்நிபந்தனையைக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் தன் நிரல்களைப் பொறுத்தவரை 1999 ஜூலையில்தான் கைவிட்டது. எந்தக் கதவிலும் இடறாத வடிவில் வந்தமையால் திஸ்கி, க்யூட்டியின் எல்லாப் பதிப்புகளிலும் நுழைந்தது.

மூன்று பொறிகளும் ஒரு பொறியும்

குறியேற்றம் மாறிய பின் எழுத்தை வடிவாக்க வேண்டும். ஒருங்குறியில் மெய்க்குப் பின் நிற்கும் கொம்பை முன்னே இழுப்பதும், ஒகர ஓகாரக் குறிகளை இரண்டாகப் பிரித்து இருபுறமும் இடுவதும், உகர ஊகார உயிர்மெய்களுக்குரிய வடிவத்தை எழுத்துருவிலிருந்து தேர்வதும் வடிவாக்கப் பொறியின் வேலை. 2000 களின் முற்பகுதியில் கட்டற்ற உலகில் இதற்கு மூன்று பொறிகள் இருந்தன. க்னோம் பயன்படுத்திய பாங்கோ சிறும உரிமத்தில் இருந்தது. க்யூட்டி தனக்கென ஒன்றை வைத்திருந்தது. ஐபிஎம் ஆதரித்த ஐசியு தனக்குரிய நெகிழ்வான உரிமத்தில் வந்து ஓபன் ஆபிசில் பயன்பட்டது. ஒரே தமிழ்ச்சொல் ஒரே கணினியில் உலவியில் ஒருவாறும் ஆவணத்தில் வேறுவாறும் தோன்ற இடமிருந்தது. ஓரிடத்தில் திருத்திய பிழையை மற்ற இரண்டிலும் தனித்தனியே திருத்த வேண்டியிருந்தது.

வியப்பு யாதெனில், பாங்கோவுக்கும் க்யூட்டிக்கும் ஓபன்டைப் அட்டவணையைப் படிக்கும் பகுதி ஒரே வேரிலிருந்து வந்தது. ஃபிரீடைப் திட்டத்தின் முதற்பதிப்பில் எழுதப்பட்ட நிரல் அது. இரு திட்டங்களும் அதைத் தத்தம் போக்கில் வளர்த்தன. ஃபிரீடைப்பின் சொந்த உரிமம் ஆவணங்களில் நன்றிக்குறிப்பைக் கட்டாயமாக்கியமையால் குனூ பொது உரிமத்தின் இரண்டாம் பதிப்போடு பொருந்தவில்லை. அதனாலேயே ஃபிரீடைப் இரண்டையும் தேர்வுக்கு வைத்து இரட்டையுரிமத்தில் வழங்கப்பட்டது. பாங்கோவில் நிகழ்ந்த திருத்தம் சிறும உரிமத்தில் இருந்தால், வணிக உரிமத்தில் விற்கப்பட்ட க்யூட்டிக்குள் அதை ஒட்டவைக்க இயலாது. தொழில்நுட்பம் கேட்டிருந்தால் ஒரு நாளில் முடிந்திருக்கக்கூடிய ஒன்றிணைப்பு உரிமத்தின் வாயிலில் நின்றது.

இரு கிளைகளையும் ஒன்றாக்க எழுந்த ஹார்ஃப்பஸ் திட்டத்தின் வரலாற்றில் மிகக் குறைவாகப் பேசப்பட்ட நாள், அதன் விளக்கக் கோப்பில் ஒரே வரியாக நிற்கிறது: முன்னர் வெவ்வேறு உரிமங்களில் இருந்த நிரல் 2008 சனவரியில் உரிமம் மாற்றப்பட்டது என்பதே அவ்வரியின் கருத்து. புதிய உரிமம் பழைய எம்ஐடி வடிவம். உரிமத்தை மாற்ற ஒவ்வொரு பகுதிக்கும் பதிப்புரிமை உடையோர் இசைய வேண்டும். இசையாதவரின் வரிகளை நீக்கி மீண்டும் எழுத வேண்டும். நிறுவனங்களும் தனியாட்களும் சேர்ந்து எழுதிய பத்தாண்டு நிரலுக்கு இது எளிய செயலன்று. பின்னர்ப் பெஹ்தாத் எஸ்ஃபாபோத் இப்பொறியைப் புதிதாக எழுதினார். அது ஃபயர்பாக்சு, குரோம், ஆண்ட்ராய்டு, பாங்கோ, க்யூட்டி என்று பரவி, 2017 பிப்ரவரியில் வந்த லிபர் ஆபிசு 5.3 இல் எல்லா இயங்குதளங்களுக்கும் பொதுவான பொறியாயிற்று. மோசில்லா உரிமம், பிஎஸ்டி, அப்பாச்சி, சிறும உரிமம் என வெவ்வேறு குடைகளின்கீழ் உள்ள இம்மென்பொருள்கள் ஒரே பொறியைப் பிணைத்துக்கொள்ள முடிந்தமைக்கு அதன் திறமை ஒரு காரணம். 2008 இன் உரிமமாற்றம் அதற்கு முந்திய காரணம்.

டாலசு வட்டாரத் தொடர்பு

விசைப்பலகையிலும் எழுத்துருவிலும் இதே சிக்கல் வேறு வடிவில் தோன்றியது. 2000 களின் தொடக்கத்தில் தமிழர் பலர் முதன்முதலாக ஒருங்குறியில் தட்டச்சிட்டது தமிழா! குழுவின் இ-கலப்பையைக் கொண்டு. அதன் முற்பதிப்புகள் டாவல்டெசாஃப்ட் நிறுவனத்தின் கீமேன் பொறியைத் தமிழ் விசையமைப்போடு சேர்த்துக் கட்டிய பொதிகள். விசையமைப்பு தமிழருடையது, பொறியோ மூலநிரல் திறக்கப்படாதது. பொறியைத் திருத்தும் உரிமை பொதியாக்கியோரிடம் இல்லை. மூன்றாம் பதிப்பு கீமேனைச் சாராமல் புதிதாக எழுதப்பட்டுக் குனூ பொது உரிமத்தில் வெளிவந்தது. லாவோ மொழிக்காகத் தோன்றிய கீமேனை 2015 இல் எஸ்ஐஎல் நிறுவனம் ஏற்று, பின் எம்ஐடி உரிமத்தில் திறந்துவிட்டது. வரலாறு சற்றுப் பிந்தி வந்து கதவைத் திறந்தது போலும்.

எஸ்ஐஎல் டாலசில் தலைமையிடம் கொண்ட மொழியியல் நிறுவனம். எழுத்துருக்களுக்கான திறந்த எழுத்துரு உரிமத்தின் ஊரும் அதுவே, அதன் 1.1 பதிப்பு 2007 பிப்ரவரியில் வந்தது. குனூ பொது உரிமத்தில் உள்ள எழுத்துருவை ஓர் ஆவணத்தில் பதித்தால் ஆவணமும் அவ்வுரிமத்திற்கு உட்படுமோ என்னும் ஐயத்தை இவ்வுரிமம் நீக்கியது. எந்த மென்பொருளோடும் எழுத்துருவைச் சேர்த்துக் கட்ட விட்டு, எழுத்துருவைத் தனியே விற்பதை மட்டும் தடுத்தது. ரெட் ஹாட் ஆதரித்த லோகித் தமிழ் எழுத்துரு குனூ பொது உரிமத்திலிருந்து இதற்கு மாறியது. கூகுளின் நோட்டோ வரிசை 2015 செப்டம்பரில் அப்பாச்சி உரிமத்தை விட்டு இதை ஏற்றது.

பொருந்தாப் பிணைப்பு நீதிமன்றம் ஏறிய நிகழ்வு ஒன்றும் டெக்சாசுக்கு உரியது. ஆஸ்டின் நகரத்து வெர்சாட்டா நிறுவனம் தன் மென்பொருளைப் பகுத்துப் பார்த்ததாக அமெரிப்ரைஸ் என்னும் வாடிக்கையாளர்மீது வழக்குத் தொடர்ந்தது. அவ்வழக்கின் போக்கில், அம்மென்பொருளினுள் கலிபோர்னியாவின் சிம்பிள்வேர் நிறுவனம் குனூ பொது உரிமத்தில் வெளியிட்ட எக்ஸ்எம்எல் நிரலகம் இருப்பது வெளிப்பட்டது. மூலநிரலைத் திறக்க வேண்டும் என்னும் கடமை பதிப்புரிமைச் சட்டத்தின் எல்லைக்கு அப்பாற்பட்ட ஒப்பந்தக் கடமை என்று 2014 மார்ச்சில் டெக்சாசுக் கூட்டாட்சி நீதிமன்றம் கருதி, அக்கோரிக்கையை மாநில நீதிமன்றத்திற்குத் திருப்பியனுப்பியது. சிம்பிள்வேர் கலிபோர்னியாவில் தனியே தொடுத்த வழக்குகள் பின்னர்ச் சமரசத்தில் முடிந்தன. 2017 இல் சான் பிரான்சிசுகோ வட்டாரத்தில், கோஸ்ட்ஸ்கிரிப்டைத் தன் கொரிய மொழிச் சொற்செயலியில் பிணைத்த ஹான்காம் நிறுவனத்தின்மீது ஆர்ட்டிபெக்சு தொடுத்த வழக்கிலும், அதைத் தொடக்கத்திலேயே தள்ளிவிட நீதிமன்றம் மறுத்தது. தாய்மொழிச் சொற்செயலி ஒன்றே வழக்கின் பொருளானமை தமிழ் மென்பொருளாளர் கருதத்தக்கது.

டாலசு–ஃபோர்ட் வொர்த் வானூர்தி நிலையத்தின் வடபுறம் அமைந்த காப்பெல் நகரில், தகவல் தொழில்நுட்பப் பணி நிமித்தம் குடியேறிய தமிழர் ஒருவர், பழந்தமிழ் நூல்களின் படிமக் கோப்புகளைப் படித்து எழுத்தாக்கும் மென்பொருளை ஆய்வு நூலகங்களுக்கென ஓய்வுநேரத்தில் கட்ட முனைகிறார் எனக் கொள்வோம். கோப்பைத் திறக்கப் பாப்ளர், எழுத்தறிய டெசராக்ட், திரைக்குக் க்யூட்டி, வடிவாக்கத்திற்கு ஹார்ஃப்பஸ், எழுத்துருவாக நோட்டோ. டெசராக்ட் அப்பாச்சி 2.0 உரிமத்தில் உள்ளது. அவ்வுரிமத்தின் காப்பாக்க நிபந்தனைகள் குனூ பொது உரிமத்தின் இரண்டாம் பதிப்போடு பொருந்தாதவை என்றும், 2007 ஜூனில் வந்த மூன்றாம் பதிப்போடு பொருந்துவன என்றும் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை கூறுகிறது. பாப்ளர் எக்ஸ்பிடிஎஃபின் வழித்தோன்றல். தன்னைப் பிணைக்கும் மென்பொருளும் குனூ பொது உரிமத்தில் இருக்க வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்வது. எக்ஸ்பிடிஎஃப் இரண்டாம் பதிப்பிற்கு மட்டும் கட்டுப்பட்டிருந்தவரை, பாப்ளரையும் டெசராக்டையும் ஒரே நிரலாகப் பிணைத்து வழங்க வழியில்லை. 2011 இல் எக்ஸ்பிடிஎஃப் மூன்றாம் பதிப்பையும் ஏற்ற பின்னரே வழி பிறந்தது.

ஆகவே இன்று அவர் முழுப்பொதியையும் குனூ பொது உரிமத்தின் மூன்றாம் பதிப்பில் வெளியிடலாம். க்யூட்டியின் சிறும உரிம மூன்றாம் பதிப்பு அதற்கு இசைவானது. ஹார்ஃப்பசின் எம்ஐடி வாசகத்தையும் நோட்டோவின் உரிமக் கோப்பையும் உடன்வைத்தல் போதும். நூலகம் ஒன்று அதைத் தன் மூடிய அமைப்பினுள் கரைத்துப் பிறர்க்கு விற்க விரும்பினால் பாப்ளரை நீக்கி வேறு நிரலகம் தேட வேண்டும். அல்லது பாப்ளரைத் தனிச்செயலியாக இயக்கி, அதன் வெளியீட்டை மட்டும் பெற வேண்டும். தன் சொந்தப் பயனுக்கு மட்டும் வைத்துக்கொண்டால் மூலநிரலைத் திறக்கும் கடமை எழுவதில்லை. மாறாக, இந்தியாவில் பல ஆண்டுகளாகக் கைமாறி வரும், உரிமமே எழுதப்படாத ஒரு தமிழ்ச் சொற்பட்டியலை அவர் சேர்க்க நேர்ந்தால், மேற்கூறிய எந்த உரிமமும் அவர்க்குத் துணை நில்லாது. உரிமம் எழுதப்படாத ஆக்கம் சட்டத்தின் கண்ணில் முழுதும் காக்கப்பட்ட ஆக்கம். நாட்டுடைமையாக்கம் நூல்களுக்குச் செய்த நன்மையைச் சொற்பட்டியலுக்கும் எழுத்துருவுக்கும் செய்யத் தமிழ்ச் சூழலில் அதற்கிணையான வழக்கு உருவாகவில்லை. தொகுத்தவர் ஒரு வரி எழுதி வைத்திருந்தாலே போதுமாயிருந்தது.

2020 டிசம்பரில் வெளிவந்த க்யூட்டி 6, ஒருங்குறியல்லாத பழைய குறிமாற்றிகளை மைய நிரலகத்திலிருந்து எடுத்து, முந்தைய பதிப்புகளோடு ஒத்தியங்குவதற்கான தனித்தொகுதியில் வைத்தது. திஸ்கியும் அவற்றோடு சென்றது. 2000 என்னும் ஆண்டோடு பீக்கரின் பதிப்புரிமைக் குறிப்பும் உடன்சென்றது.